நடுக்கம் வந்தால் மேலே வந்துவிடுங்கள்: குளிர்நீர் ஸ்கூபா பற்றி வாசகர் கேள்விகள்

குளிர்ந்த தண்ணீரில் ஸ்கூபா டைவிங் செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் "எந்த சூட் வாங்கலாம்" என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் நல்ல சூட் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மற்ற பதில்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இதுவரை 28 டிகிரி கடலில் மட்டும்தான் டைவ் செய்திருக்கிறேன். இப்போது ஓர் ஏரியில் இறங்கப் போகிறேன். தண்ணீர் 16 டிகிரி என்கிறார்கள். என்னிடம் இருக்கும் 5 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் போதுமா?

16 டிகிரி மேலேயா, கீழேயா? முதலில் அதைக் கேளுங்கள். நன்னீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும், அதனால் குளிர்ப் பிரதேசத்து ஆழமான ஏரிகளில் நல்ல வெயில் காலத்தில்கூட அடித்தண்ணீர் 4, 5 டிகிரியிலேயே கிடக்கும். மேலே இதமாக இருக்கிறதே என்று இறங்கிக்கொண்டே போவீர்கள், ஏதோ ஓர் ஆழத்தில் கோடு போட்டதுபோல் தண்ணீர் மாறும், கீழே நீட்டிய கை குளிரும், தோள் இன்னும் வெதுவெதுப்பில் இருக்கும். இந்த எல்லையைத்தான் டைவர்கள் தெர்மோக்ளைன் என்கிறார்கள். நீங்கள் சூட் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த எல்லைக்குக் கீழே இருக்கும் வெப்பநிலைக்கு.

அடுத்தது, வெட்சூட் (உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு அதை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் உடை) ஆழத்தில் மெலியும். அதைச் செய்திருக்கும் நியோபிரீன் என்பது ரப்பருக்குள் அடைபட்ட லட்சக்கணக்கான வாயுக் குமிழிகள், குளிரைத் தடுப்பது அந்தக் குமிழிகள்தான். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடும், குமிழிகள் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். ஆக, தண்ணீர் எங்கே மிகவும் குளிராக இருக்கிறதோ அங்கேதான் உங்கள் சூட்டும் மிகவும் மெல்லியதாக இருக்கும். கடையில் தொட்டுப் பார்த்த 5 மி.மீ.யை நம்பி 25 மீட்டருக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

என் கணக்கு இது: 18 டிகிரிக்கு மேல் என்றால் 5 மி.மீ. போதும், 10 முதல் 18 வரை 7 மி.மீ. அல்லது செமி-டிரை (தண்ணீர் குறைவாகவே புகும் வெட்சூட்), கூடவே ஹூட் என்ற தலையுறை, கையுறை, பூட்ஸ். 10க்குக் கீழே போனால் டிரைசூட், அதாவது தண்ணீரே உள்ளே புகாத சூட். சீக்கிரம் குளிர் எடுக்கும் உடம்பு என்றால், ஒல்லியானவர்கள், சின்னப் பையன்கள், பெண்கள் எல்லாரும் ஒரு படி மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். தடிமனைவிட முக்கியம் அளவு. போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து நிமிருங்கள், இடுப்புக்குப் பின்னால் முதுகுப் பள்ளத்தில் சூட் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இருந்தால் ஒவ்வோர் அசைவுக்கும் உள்ளே சூடான தண்ணீர் வெளியே போய்ப் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும், 7 மி.மீ. இருந்தும் புண்ணியமில்லை.

கேள்வி: இறங்கிய உடனே மூச்சு என் கட்டுப்பாட்டிலேயே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் "சரியாகிவிடும்" என்றார். நிஜமாகவே சரியாகிவிட்டது. ஆனால் பயம் போகவில்லை.

அது பயந்ததால் வந்த மூச்சு இல்லை, தோல் சட்டென்று குளிர்ந்தால் எல்லா உடம்புக்கும் வருவது. முதலில் ஒரு பெரிய மூச்சிழுப்பு, அப்புறம் கட்டுக்கு அடங்காத வேக மூச்சு, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தணிந்துவிடும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் பற்றி ஆராய்ச்சி செய்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். சூட் இல்லாமல் உறைகுளிர்த் தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சை அடக்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். விழுந்தவுடன் விறைத்துச் செத்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம், உண்மையில் பலர் போவது அந்த முதல் நிமிடத்தில், மூச்சோடு தண்ணீரையும் இழுத்துவிடுவதால்தான்.

சூட் போட்ட டைவருக்கு இது எவ்வளவோ குறைவு, ஆனால் முகம் திறந்துதானே இருக்கிறது. அதனால் குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். முகத்தில் நாலு தடவை தண்ணீர் அடித்துக்கொள்ளுங்கள், ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) வாயில் வைத்துக்கொண்டு மேற்பரப்பிலேயே முகத்தை முக்கிக் கொஞ்ச நேரம் மிதங்கள். நெற்றி சுரீர் என்று வலிக்கும், போய்விடும். மூச்சு பழைய நிதானத்துக்கு வந்த பிறகுதான் கீழே. குழுவில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள் என்பதற்காக அரைகுறை மூச்சோடு பின்னால் ஓடாதீர்கள்.

கேள்வி: இறங்கும்போது ஒரு தடவை தலை பயங்கரமாகச் சுற்றியது. காது அழுத்தம் எல்லாம் சரியாகத்தான் எடுத்துவிட்டேன்.

ஹூட்டுக்குள் தண்ணீர் ஒரு காதில் மட்டும் புகுந்திருக்கும். ஒரு பக்கத்து உள்காது மட்டும் குளிர்ந்தால் உடம்பு சுற்றுவதாக மூளை நினைத்துக்கொள்ளும். கயிறோ பாறையோ எதையாவது பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தால் அந்தத் தண்ணீர் சூடானதும் நின்றுவிடும். இறங்குவதற்கு முன்பே ஹூட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் லேசாகத் தூக்கி இரண்டு காதும் ஒன்றாக நனையும்படி செய்துகொள்ளுங்கள். அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது காது இரைந்தால், காது டாக்டரைப் பார்க்காமல் அடுத்த டைவ் வேண்டாம்.

கேள்வி: குளிர் தண்ணீரில் ரெகுலேட்டர் உறைந்துபோகும் என்கிறார்கள். தண்ணீரே உறையாதபோது ரெகுலேட்டர் எப்படி உறையும்?

நல்ல கேள்வி, இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து போய்விடும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை ரெகுலேட்டரின் முதல் நிலை (சிலிண்டரில் மாட்டும் பகுதி) கிட்டத்தட்ட 10 பாருக்கு இறக்குகிறது. காற்று அப்படித் திடீரென்று விரியும்போது குளிர்ந்துவிடும், சுற்றியிருக்கும் தண்ணீர் 5 டிகிரி என்றாலும் உள்ளே போகும் காற்று பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே போய்விடும். அந்தக் குளிர் உலோகத்துக்கு ஏறி, அதை ஒட்டியிருக்கும் தண்ணீரோ உங்கள் மூச்சுக்காற்றின் ஈரமோ பனிக்கட்டி ஆகும். அந்தக் கட்டி வால்வைத் திறந்தபடியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு காற்று நிற்காமல் கொட்டும், இதுதான் ஃப்ரீ ஃப்ளோ. காற்று வராமல் அடைத்துக்கொள்வது அபூர்வம், நிற்காமல் வருவதுதான் வழக்கம். கொட்டக் கொட்ட இன்னும் குளிரும், இன்னும் உறையும். சில நிமிடங்களில் முழுச் சிலிண்டரும் காலி.

ரெகுலேட்டர்களுக்கான ஐரோப்பிய தரவிதி இ.என். 250, 10 டிகிரிக்குக் குறைந்த எதையும் குளிர்நீர் என்றே கணக்கு வைக்கிறது. ரெகுலேட்டரின் மேல் "10 டிகிரிக்கு மேல்" என்ற குறி இருந்தால் அது அவ்வளவு குளிர்ந்த தண்ணீருக்கு ஆகாது. வாடகைக்கு எடுக்கும்போது இதைத் திருப்பிப் பாருங்கள், பிராண்டு பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். வெளித்தண்ணீர் உள்ளே படாதபடி மூடி அடைத்த டயஃப்ரம் (சவ்வு) வகை முதல் நிலை குளிருக்கு நல்லது. இரண்டாம் நிலை (வாயில் வைக்கும் பகுதி) உலோகத்தில் இருந்தால் தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக்கைவிட மேல்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழக்கம் சரியில்லையென்றால் உறையும். வெளியே காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது கரையில் நின்றுகொண்டு ரெகுலேட்டரில் மூச்சு விட்டுப் பார்ப்பது ரொம்பப் பேர் செய்யும் தப்பு, உள்ளே ஈரம் போய் அங்கேயே உறைந்துவிடும். வாய் தண்ணீருக்குள் போன பிறகு மூச்சு எடுங்கள். காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அழுத்தி விளையாட வேண்டாம். மூச்சு இழுத்துக்கொண்டே டிரைசூட்டுக்கும் காற்று விட்டுக்கொண்டே பி.சி.டி.யையும் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்) ஊதினால் முதல் நிலை ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பரிமாறுகிறது, உறைய அதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வொன்றாக, சின்னச் சின்ன அழுத்தலாகச் செய்யுங்கள். மூச்சு வாங்கும்படி நீந்தாதீர்கள். காற்று நிரப்பும் இடத்தில் கம்ப்ரஸர் ஃபில்டர் ஒழுங்காக இல்லையென்றால் சிலிண்டருக்குள்ளேயே ஈரம் வந்துவிடும், அதையும் விசாரியுங்கள்.

அப்படியும் கொட்ட ஆரம்பித்தால்? ரெகுலேட்டரைத் துப்பாதீர்கள். உதட்டை இறுக்கி மூடாமல் ஓரத்தில் வழியவிட்டு, வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொண்டே ஜோடியிடம் (கூட டைவ் செய்பவர்) போய் அவருடைய மாற்று ரெகுலேட்டரை வாங்கிக்கொள்ளுங்கள், இருவரும் சேர்ந்து வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள். குளிர்நீருக்கு அடிக்கடி போகிறவர்கள் இரண்டு தனித்தனி முதல் நிலை, சிலிண்டரில் இரண்டு வால்வு வைத்துக்கொள்வது இதற்காகத்தான், கொட்டுகிற வால்வை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடலாம். ஆனால் அந்த வால்வுக்குக் கை எட்டுமா, அதுவும் தடித்த கையுறையோடு? குளிர்காலம் தொடங்கும் முன் ஆழமில்லாத தண்ணீரில் செய்து பாருங்கள். எட்டாதவர்கள்தான் அதிகம்.

கேள்வி: டிரைசூட் வாங்கினேன். நண்பரைவிட எனக்குத்தான் அதிகக் குளிர். ஏமாந்துவிட்டேனா?

உள்ளே என்ன போட்டிருந்தீர்கள்? மெல்லிய மூன்றடுக்குத் துணியில் வரும் டிரைசூட் மழைக்கோட்டு மாதிரிதான், நனையாமல் காக்கும், சூடு தராது. சூடு தருவது உள்ளே போடும் துணியும் அதற்குள் நிற்கும் காற்றும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையை வாங்கிக்கொண்டு டைவ் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கும். தோலை ஒட்டி கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் ஃப்ளீஸ் போன்ற தடித்த ஒன்று. இதெல்லாம் போட்டுக்கொண்டு கரையில் அரை மணி நேரம் வெயிலில் நின்று வியர்த்துவிட்டு இறங்கினால் அதுவும் ஈரம்தான், கடைசி நிமிடத்தில் ஜிப்பை மூடுங்கள். மூடியதை இன்னொருவர் விரலால் கடைசி வரை தடவிப் பார்க்கட்டும்.

இன்னொரு காரணம், மூழ்கக் கட்டும் எடையை மிச்சம் பிடிக்கிறேன் என்று டிரைசூட்டுக்குள் காற்றே விடாமல் இறங்குகிறீர்களோ என்னவோ. இறங்க இறங்க சூட் உடம்பை இறுக்கும், உள்துணி நசுங்கும், குளிரும், தோலில் சிவப்புக் கோடு விழும். இறுக்கம் தளரும் அளவுக்குக் காற்று விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதிகக் காற்று காலுக்கு ஓடித் தலைகீழாகத் தூக்கிவிடும். அப்படி ஆனால் முழங்காலை மடக்கி உடம்பைச் சுருட்டி உருண்டு நிமிருங்கள், இடது மேற்கையில் இருக்கும் வால்வு மேலே வரும்படி வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, டிரைசூட் பயிற்சி ஒன்று கட்டாயம் முடித்துவிடுங்கள். ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த பாறைப் பிளவில், தண்ணீர் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி, டிரைசூட் இல்லாமல் டைவ் செய்யவே விட மாட்டார்கள்.

டிரைசூட்டுக்குள் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு விடலாமா என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆர்கான் வெப்பத்தைக் கடத்துவது காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, உண்மைதான். ஆனால் நல்ல உள்துணி இல்லாமல் ஆர்கானுக்குச் செலவு செய்வது வீண். ஹீலியம் கலந்த வாயுவை மட்டும் டிரைசூட்டுக்குள் விட்டுவிடாதீர்கள், ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும்.

கேள்வி: உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது, அதனால்தான் ஹூட். சரியா?

பாதியெல்லாம் இல்லை. உடம்பின் பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்று சொச்சம்தான், போகும் சூடும் அந்த அளவுக்குத்தான். ஆனாலும் ஹூட் போடுங்கள். கழுத்தை நெரிக்காத ஹூட்டாகப் பாருங்கள், கழுத்து ரத்தக் குழாயை அழுத்தினால் மயக்கம் வரும்.

கேள்வி: நாலு பேர் போகும்போது நான் மட்டும் "குளிருது, மேலே போகலாம்" என்று கைகாட்ட வெட்கமாக இருக்கிறது. எவ்வளவு வரை தாங்கலாம்?

தாங்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். குளிரைத் தாங்குவது திறமை என்று ஒரு பேச்சு டைவர்களிடம் இருக்கிறது, எனக்கு அதில் துளி மரியாதை கிடையாது.

தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து நடுவைக் காப்பாற்றப் பார்க்கும். அதாவது பி.சி.டி. பொத்தான், எடை பெல்ட்டின் கொக்கி, டார்ச்சின் சுவிட்ச், ஜோடியின் மாற்று ரெகுலேட்டர், உங்கள் உயிர் தொங்குகிற இத்தனையையும் தொடும் விரல்கள்தான் முதலில் கைவிடும். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். முடியவில்லையென்றால் டைவ் முடிந்தது. இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றினாலும் முடிந்தது.

அடக்க முடியாத நடுக்கம் வந்தால் அதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும் என்று அர்த்தம். நடுங்கும்போது காற்றும் மளமளவென்று தீரும், அளவுமானியைப் பார்க்கவும் மறக்கும். உடம்பின் நடுச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா, அப்போது புத்தி மந்தமாகும், மந்தமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் ஜோடியைப் பாருங்கள். எப்போதும் சட்டென்று பதில் காட்டுகிறவர் இரண்டு தடவை கேட்ட பிறகு "ஓகே" காட்டுகிறாரா, ஒரே கொக்கியைத் தடவிக்கொண்டே இருக்கிறாரா, கையைக் கட்டிக்கொண்டு சும்மா மிதக்கிறாரா? கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், மேலே கூட்டிப் போங்கள். இறங்குவதற்கு முன்பே, யார் கைகாட்டினாலும் காரணம் கேட்காமல் எல்லாரும் கிளம்புவது என்று பேசி வைத்துக்கொண்டால் உங்கள் வெட்கத்துக்கு வேலையில்லை. கீழே இருக்கும் நேரத்தை வெதுவெதுப்பான கடல் கணக்கில் போடாமல் நன்றாகக் குறைத்துப் போடுங்கள், சிலிண்டரில் இன்னும் அதிகக் காற்று மிச்சமிருக்கும்போதே திரும்புங்கள்.

கேள்வி: பேட்டரியில் சூடாகும் வெஸ்ட் எப்படி?

நல்ல பொருள்தான், பயன்படுத்தும் விதம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் டைவிங் ஆய்வுப் பிரிவு 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அடியில் இருக்கும்போது உடம்பு சூடாகவும் மேலே வரும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கு டீகம்ப்ரஷன் நோய் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாவதால் வருவது) வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடியது தெரிந்தது. காரணம் எளிது. சூடான உடம்பில் ரத்தம் நன்றாக ஓடும், கீழே நைட்ரஜன் தாராளமாக உள்ளே போகும். மேலே வரும்போது குளிர்ந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், போன நைட்ரஜன் வெளியே வரத் திணறும். அங்கே "குளிர்" என்று அவர்கள் வைத்தது 27 டிகிரி என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் செய்வது என்ன? இறங்கியதும் முழுச் சூட்டில் போட்டுவிடுகிறார்கள், மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறச் சற்று நிற்கும் சேஃப்டி ஸ்டாப் வரும்போது பேட்டரி செத்துவிடுகிறது. இருப்பதிலேயே மோசமான வரிசை அது. கீழே குறைவாக வைத்து ஏறும்போது கூட்டுங்கள். ஹீட்டர் பாதியில் நின்றாலும் பத்திரமாக வந்து சேரும் அளவுக்கு உள்துணி இருக்க வேண்டும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கும் உங்கள் டைவ் கம்ப்யூட்டரிலும் இன்னும் ஜாக்கிரதையாகக் கணக்குப் போடும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேட்கக் கூச்சம்தான். வெட்சூட்டுக்குள் சிறுநீர் போனால் சூடாக இருக்கும் என்கிறார்கள். டிரைசூட்காரர்கள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்களே?

சூடாக இருப்பதுபோல் ஒரு நிமிடம் தோன்றும், அது ஏற்கெனவே உங்கள் உடம்புக்குள் இருந்த சூடுதான், வரவு ஒன்றும் இல்லை. கெடுதலும் இல்லை, வெட்சூட்டை நன்றாக அலசுங்கள், வாடகை சூட் என்றால் ரொம்ப நன்றாக அலசுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் தப்பு. குளிரும் தண்ணீர் அழுத்தமும் கை கால் ரத்தத்தை நடுவுக்குத் தள்ளும், உடம்பு நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து சிறுநீரை இறக்கும். நீங்கள் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வரத்தான் செய்யும். உடம்பில் நீர் வற்றினால் டீகம்ப்ரஷன் நோய்க்கும் இடம் கொடுத்ததாகும். வழக்கம்போல் குடியுங்கள். அதற்காக இறங்கும் முன் லிட்டர் கணக்கில் குடிக்கவும் வேண்டாம். டிரைசூட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகச் சிறுநீர் வால்வு ஏற்பாடு இருக்கிறது, பெரியவர்களுக்கான டயப்பரும் இருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை.

கேள்வி: வயது 56, பிரஷருக்கு மாத்திரை. போன குளிர்நீர் டைவில் மூச்சுத்திணறலும் இருமலும் வந்தது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. குளிர், உயர் ரத்த அழுத்தம், மார்பை இறுக்கும் சூட், கடுமையாக நீந்துவது இவையெல்லாம் அதைக் கொண்டுவரும். நுரை கலந்த அல்லது இளஞ்சிவப்புச் சளி அடையாளம், ஆனால் அது இல்லாமலும் வரும். மேலே ஏறியதும் தணிவதால் பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள், அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தாகலாம். டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டர் இதயத்தைப் பரிசோதித்துச் சொல்லும்வரை தண்ணீர் பக்கம் போகாதீர்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கீழே காரணமில்லாமல் மூச்சு முட்டினால் உடனே ஏறுங்கள், வெளியே வந்து உட்கார்ந்த நிலையில் ஆக்சிஜன், நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி: மேலே வந்ததும் வெந்நீரில் குளிக்கலாமா? இரண்டாவது டைவுக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும்?

ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உடனே வேண்டாம், அரை மணி நேரமாவது போகட்டும். திடீர்ச் சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு, திசுக்களில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகவும் உதவும். முதலில் ஈரத்தைக் கழற்றுங்கள், காற்றில் ஈர வெட்சூட்டோடு நின்று பேசிக்கொண்டிருந்தால் உடம்புச் சூடு தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். துடைத்து, காய்ந்த துணி, தலைக்குக் குல்லா, காற்றுப் புகாத கோட்டு, சூடாகக் குடிக்க ஏதாவது. மது வேண்டாம், அது தோலைச் சூடாக்கி உள்சூட்டை வெளியேற்றும்.

இரண்டாவது டைவுக்கு கம்ப்யூட்டர் காட்டும் நேரத்தோடு உடம்பையும் கேளுங்கள். விரல்கள் முழுசாகத் திரும்பி, நடுக்கம் நின்று, பசி எடுத்துச் சாப்பிட்ட பிறகு யோசிக்கலாம். உடம்பு பாதிதான் சூடேறிய நிலையில் இறங்குபவருக்கு இரண்டாவது தடவை குளிர் முன்பைவிடச் சீக்கிரமே வரும். ஃப்ளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போயிருந்தால் இறங்கும் முன் கை பொறுக்கும் சூட்டில் கையுறைக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் ஊற்றிக்கொள்ளலாம், முதல் பத்து நிமிடத்துக்கு நன்றாக உதவும். ஈரமான கையுறையைத் திரும்பப் போட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், கருவிகளைக் கழுவ ஆரம்பியுங்கள்.